மேல் அறையில் ஒரு கரடி

ஏப்ரல் 15, சனி

இன்றைக்கு ஒன்றல்ல, இரண்டு அநியாயம்.

முதலாவது. மைதானத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் எத்தனையோ வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்திவருகிறோம். இன்று போனால் கதவில் புதுப் பூட்டு. மண்டபத்தை நகரசபை கரடிகளுக்குக் கொடுத்துவிட்டதாம். கரடிகள் என்றால் ஆல்ட்ஹைம் பியர்ஸ், எங்கள் நகரத்தின் புத்தம்புது அமெரிக்கக் கால்பந்து அணி. ஐரோப்பிய லீக்கில் இந்த வருடம்தான் முதன்முதலாக ஆடப் போகிறார்கள். ஜெர்மனியில் இருக்கிற உதைபந்து காணாது என்று இது வேறு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களிடம் நியாயத்தை எதிர்பார்த்தது என் பிழை. அவர்கள் உடை மாற்றுவதற்கு எங்கள் மண்டபம். எங்கள் பிள்ளைகள் 'அ'னா எழுதுவதற்கு நிலவறை, கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலருக்குப் பக்கத்தில்.

இரண்டாவது அநியாயம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இவர் பஸ் கொம்பனியில் சாரதி. கரடிகளை வெளியூர் ஆட்டங்களுக்கு ஏற்றிப் போகிற வேலை இவருக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் அவர்களுடைய கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வரும் ஆட்டக்காரர்களைத் தங்கவைக்க யார் வீட்டில் அறை இருக்கிறது என்று கேட்டார்களாம். முதலில் எழும்பிய கை இவருடையது.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"ஒரு அறைதானேயப்பா. சும்மா பூட்டிக் கிடக்குது."

"அது சும்மா கிடக்கேல்லை. நிரோசன்ர அறை."

"அவன் லண்டனுக்குப் போய் எத்தினை வருசம்? இனி வந்தாலும் ஹோட்டலிலைதான் நிப்பன் எண்டுறான்."

எங்கள் மகன் அப்படிச் சொன்னது உண்மைதான். மீன் வெட்டவேண்டியிருந்தது. போய் வெட்டினேன்.

ஏப்ரல் 29, சனி

வந்துவிட்டான். பெயர் மார்வின். அலபாமாவாம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் வந்தான், தோள் இடித்தது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தோள் எதற்கு என்று இவரிடம் கேட்டேன். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இவன்தானாம். எதிரணி முழுவதும் சேர்ந்து இவனை விழுத்தப் பார்க்குமாம். இதற்குப் பெற்ற தாய் எப்படிச் சம்மதித்தாள் என்று தெரியவில்லை.

சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டேன். சப்பாத்து வெளியே. குளித்த ஈரத்துவாயைக் கட்டிலில் போடக்கூடாது. குசினிக்குப் பக்கத்தில் இருப்பது சாமியறை; மச்சம் சாப்பிட்ட அன்று அதன் வாசற்படியைத் தாண்டக்கூடாது. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம். எல்லாவற்றுக்கும் "யெஸ், மேடம்" என்றான். மேடம் வேண்டாம், அன்ரி என்று கூப்பிடு என்றேன். (அவன் பேசுவது இங்கிலீஷ். நான் அதைத் தமிழில் எழுதிவைக்கிறேன். என் நாட்குறிப்பில் இங்கிலீஷுக்கு இடமில்லை.)

"முட்டையுமா, அன்ரி?"

"முட்டையும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டு வாசற்படியை நன்றாகப் பார்த்துவைத்தான்.

மே 6, சனி

படியில் இறங்கத் தெரியாது இந்தப் பிள்ளைக்கு. ஓடித்தான் வருவான். அவன் ஒவ்வொரு முறை ஓடி இறங்கும்போதும் கண்ணாடி அலுமாரியில் என் கோப்பைகள் எல்லாம் கிடுகிடுக்கின்றன. அதுவும் நான் வெங்காயம் தாளிக்கத் தொடங்கினால் போதும். மேல் அறைக் கதவு பூட்டியிருக்கும், காதில் பாட்டு ஓடும், இருந்தாலும் மூக்குக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. குசினி வாசலில் வந்து நின்று கண்ணை மூடி மூச்சை இழுக்கிறான். ஒரு வீட்டில் மனிசர் நிம்மதியாகச் சமைக்க முடிவதில்லை.

நிரோசன் போனதிலிருந்து மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்த பெரிய சட்டியை இறக்கவேண்டியதாயிற்று. அவன் படித்த முதல் தமிழ்: "இன்னும் கொஞ்சம்." உச்சரிப்பைத் திருத்தினேன். பிழையாகச் சொன்னால் சோறு போடமாட்டேன் என்றேன். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னான்.

காலையில் தமிழ்ப் பள்ளிக்கு வந்து பிள்ளைகள் இருந்து எழுதுகிற வாங்கில்கள் எல்லாவற்றையும் நிலவறைக்கு இறக்கிக் கொடுத்தான். மண்டபத்தைப் பிடுங்கியவர்களே வாங்கிலையும் தூக்கித் தருகிறார்கள். இந்த நாட்டில் இதற்குப் பெயர் நட்புறவு.

மே 21, ஞாயிறு

முதல் ஆட்டம். இலவச ரிக்கற் என்பதற்காக இவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். இதைப் போல ஒரு விளையாட்டை நான் கண்டதில்லை. சில விநாடி ஓடுகிறார்கள். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். பிறகு நின்று கதைக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் மாதிரி. ஒவ்வொரு முறையும் அடியில் கிடந்தவன் மார்வின். யாரோ ஒரு தடியன் அவன் காலைப் பிடித்து இழுத்தபோது நான் எழும்பி நின்று தமிழில் இரண்டு வார்த்தை சொன்னேன். முன்னால் இருந்த ஜெர்மன்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது?

படுதோல்வி. வீட்டுக்கு வந்து கோழிக்கறியில் பாதியை முடித்தான்.

ஜூன் 4, ஞாயிறு

தோற்றார்கள். இடியப்பம் அவித்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

முதல் வெற்றி! நகரமே தலைகீழ். பேக்கரியில் கரடி வடிவில் பாண் சுடுகிறார்கள். மார்வின் கடைசி நிமிடத்தில் மைதானத்தின் பாதியை ஓடிக் கடந்தான். பின்னால் நாலு பேர் துரத்தினார்கள், ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. எனக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காது. ஆனால் அந்த நாலு பேரும் தடியை விழுங்கியவர்கள் மாதிரி ஓடினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 1, சனி

லோஜினியின் மகளுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை பெரியவளான சடங்குக்கு மண்டபம், மேளம், குதிரை வண்டி என்று லோஜினி காட்டிய எடுப்பைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. மார்வினையும் கூட்டிக்கொண்டு போனோம். அது பிழை. வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்கள். வரிசையாக நின்று செல்பி. அவன் சாப்பிடுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஐயோ, இந்தப் பெடியன் தின்னிற தீனியைப் பாரன்!" என்றாள் லோஜினி, வாயில் கையை வைத்துக்கொண்டு.

பிள்ளை சாப்பிடும்போது இப்படியா சொல்வது? நாவூறு, கண்ணூறு என்று ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாதா?

ஜூலை 9, ஞாயிறு

ஒஸ்திரியாவில் ஆட்டம். இவர் பஸ்ஸோடு போய்விட்டார். நான் ரீவியில் பார்த்தேன், துணி மடித்துக்கொண்டே. மூன்றாவது கட்டத்தில் இருபக்கமிருந்தும் இருவர் வந்து மோதினார்கள். மார்வின் விழுந்தான். எழும்பினான். எழும்பி, மற்ற அணியினர் நிற்கிற பக்கம் நடந்தான். யாரோ தோளில் தட்டித் திருப்பிவிட்டார்கள். வர்ணனையாளர் சிரித்தார்.

கட்டுமஸ்தான பிள்ளை. ஒன்றும் ஆகாது.

ஜூலை 10, திங்கள்

காலையில் வந்தார்கள். மார்வின் நேரே மேலே போனான், மெதுவாக. இவர் குளிக்கவும் இல்லை, தேத்தண்ணி குடிக்கவும் இல்லை; வாளியையும் என் டெற்றோல் போத்தலையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸைக் கழுவப் போனார். புதுப் போத்தல். முழுவதையும் முடித்துவிட்டார். பஸ் கொம்பனி தன் பஸ்ஸைக் கழுவ ஆள் வைத்திருக்கிறது. "நீங்கள் என்னத்துக்கு?" என்றால், "சும்மா, தூசி" என்கிறார். தூசிக்கு டெற்றோலா?

ஜூலை 14, வெள்ளி

வெங்காயம் தாளித்தேன். கறிவேப்பிலை போட்டேன். படியில் சத்தமில்லை. மேலே போய்க் கதவைத் தட்டிக் கூப்பிடவேண்டியிருந்தது. பட்டப்பகலில் யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறான். "அன்ரி, நான் கவனிக்கவில்லை" என்கிறான்.

கவனிக்கவில்லையாம். என் தாளிதத்தை இந்தத் தெருவே கவனிக்கும். பக்கத்துவீட்டு ஹெர் வோல்ஃப் இரண்டு தரம் வீட்டுக்காரனுக்கு முறைப்பாடு செய்திருக்கிறார்.

ஜூலை 22, சனி

எனக்கு இப்போது விளங்குகிறது. இவனுக்கு என் சாப்பாடு அலுத்துவிட்டது. பர்கர் கடையைக் கண்டிருப்பான். கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைக்குமுன்னே உப்புப் போத்தலை எடுத்துக் கொட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் திரைந்துபோன பாலைக் கோன்பிளேக்ஸில் ஊற்றிச் சாப்பிட்டான். அந்தப் பாலை நான் கீழே ஊற்றிவிடவென்று எடுத்து வெளியே வைத்திருந்தேன். என் கையால் வாங்கிச் சாப்பிடுவதிலும் திரைந்த பால் நல்லது என்று காட்டுகிறானா? அதன் பிறகு மரியாதைக்கு "இன்னும் கொஞ்சம்" வேறு. போட்டேன். மனமில்லாமல்தான் போட்டேன்.

ஓகஸ்ட் 6, ஞாயிறு

வென்றார்கள். இப்படியே போனால் முதல் பருவத்திலேயே பிளே-ஓஃப் என்கிற இறுதிக் கட்டத்துக்குப் போய்விடுவார்களாம். இவர் வீட்டுக்குள் கரடித் தொப்பியோடு திரிகிறார்.

மார்வின் வந்து, "அன்ரி, இன்றைக்கு என்ன கிழமை?" என்றான். ஞாயிறு என்றேன். ஆட்டம் ஆடிவிட்டு வந்தவனுக்குக் கிழமை தெரியாதா? கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டான். சாப்பிட்டு முடிந்து மூன்றாம் தரமும். நான் கோபிக்கவில்லை. இது லோஜினியின் வேலை. நாவூறு பட்டிருக்கிறது. சாமத்திய வீட்டுக்குப் பிறகுதானே எல்லாம் தொடங்கியது.

ஓகஸ்ட் 8, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை நல்ல நாள். செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் கையில் பொத்தி, மார்வினைக் கதிரையில் இருத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம் இறக்கினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. கோயிலில் இருப்பதுபோல் கைகட்டி இருந்தான். பழைய தாச்சியைக் காயவைத்து மிளகாயை அதில் போட்டேன். நாவூறு பட்டிருந்தால் நெடி ஏறாது. எவ்வளவு மிளகாய் எரிந்தாலும் ஒருவரும் இருமமாட்டார்கள். அதுதான் அடையாளம்.

இருமினோம். நான், இவர், மார்வின், மூன்று பேரும் கண்ணீர் வழிய இருமினோம். அலாரம் கத்தியது. ஹெர் வோல்ஃப் தீயணைப்புப் படையைக் கூப்பிடவா என்று மதிலுக்கு மேலால் கேட்டார். இவர் ஏணி வைத்து ஏறி அலாரத்தின் பற்றரியைக் கழற்றினார்.

அப்படியென்றால் நாவூறு இல்லை. லோஜினியைத் தேவையில்லாமல் திட்டிவிட்டேன். ஆனாலும் அவள் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

நாவூறு இல்லையென்றால் பிள்ளைக்கு என்ன?

ஓகஸ்ட் 13, ஞாயிறு

வென்றார்கள். அலுமாரியில் தலையிடி மாத்திரைப் பெட்டி வெறுமை. நான் எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லையாம்.

ஓகஸ்ட் 25, வெள்ளி

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மார்வின் குசினி மேசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தான், வீட்டுக்குள். அவனுக்குப் பின்னாலேயே அடுப்பு. ஒரு பிடி கீரைக்குத்தான் போனேன், முருங்கைக்கீரை இல்லை, இங்கே ஏது முருங்கை. கீரை பிடுங்கிக்கொண்டு நின்றபோது ஹெர் வோல்ஃப் மூக்கைப் பிடித்துக் காட்டினார். ஓடி வந்தால் பால் பொங்கி வழிந்து, வற்றி, சட்டி கறுத்து, குசினி முழுக்கத் தீய்ந்த மணம். பற்றரி இல்லாத அலாரம் சும்மா தொங்குகிறது. இவன் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரம்! அடுப்பை நிறுத்திவிட்டுக் கத்தினேன். "உனக்கு மூக்கில்லையோ?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். 

"இல்லை, அன்ரி" என்றான்.

நான் கதிரையை இழுத்து இருந்தேன். எல்லாம் சொன்னான். ஒஸ்திரியாவில் விழுந்த அன்றிலிருந்து ஒரு மணமும் தெரியவில்லையாம். கோப்பி வெறும் சுடுதண்ணி. சவர்க்காரமும் ஒன்றுதான், சாம்பலும் ஒன்றுதான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. என் கறியில் உறைப்பும் உப்பும் மட்டும் நாக்குக்குத் தெரிகிறது, மற்றதெல்லாம் போய்விட்டது.

"அப்ப என்னத்துக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு கேட்டனீ?"

"நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று."

 சட்டியைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே, டொக்டரிடம் சொல்லு என்றேன். முடியாது என்றான். அடுத்த ஞாயிறு பிளே-ஓஃப். கனடாவிலிருந்து ஒருவர் அவனைப் பார்க்கவென்றே வருகிறாராம். பிடித்துவிட்டால் அங்கே பெரிய லீக். இதற்காகத்தான் பத்து வயதிலிருந்து ஓடுகிறானாம். ஓர் ஆட்டம்தான். அது முடிய டொக்டரிடம் போகிறேன் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

"அந்த ஒரு ஆட்டத்திலை இன்னொருக்கா தலையிலை விழுந்தால்?"

"விழாது, அன்ரி."

எதிரணி முழுவதற்கும் அவனை விழுத்துவதுதான் வேலை. விழாதாம்.

அதே நாள், பின்னேரம்

இவரிடம் சொன்னேன். துவாயை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதிர்ச்சியே இல்லை முகத்தில். அதுதான் எனக்கு அதிர்ச்சி. எனக்கு டெற்றோல் போத்தல் ஞாபகம் வந்தது.

"பஸ்ஸிலை என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"இஞ்சாருங்கோ. என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தவன். மூண்டு நாலு தரம். பின் சீற்றிலை. எல்லாரும் நித்திரை. ஒருத்தரிட்டையும் சொல்லவேண்டாமெண்டு கெஞ்சினவன்… நல்லா ஓடுறான்தானே எண்டு நானும்…"

முப்பத்தொரு வருடம் இந்த மனிசனோடு குடும்பம் நடத்துகிறேன். தெருவில் பூனைக்குட்டி செத்துக் கிடந்தால் பஸ்ஸை நிறுத்தி இறங்கித் தூக்கிப் போடுகிறவர். ஒரு தாய் பெற்ற பிள்ளையின் தலைக்குள் என்னவோ நடந்திருக்கிறது. இவர் அதைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து கரடித் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பேசினேன். ஹெர் வோல்ஃபுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

ஓகஸ்ட் 26, சனி

தமிழ்ப் பள்ளி முடிந்ததும் மேலே ஏறிப் போய் அணியின் முகாமையாளர் க்ரூபரைப் பிடித்தேன். எங்கள் மண்டபத்தில் எங்கள் மேசையில் இருந்துகொண்டு எனக்கே கோப்பி தந்தார். எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். ஒஸ்திரியாவுக்குப் பிறகு மார்வினைக் கணினியில் சோதித்தார்களாம், தேறிவிட்டானாம். மூக்கு அந்தச் சோதனையில் இல்லையாம். அணியின் டொக்டர் ஹன்னா விடுமுறையில். ஞாயிறு ஆட்டத்துக்குத்தான் வருவா. அவவின் போன் நம்பர் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும்தானாம்.

"மார்வினைக் கேட்டேன், திருமதி குலசேகரம். தான் நலம் என்கிறான். வளர்ந்த ஆள்."

"வளர்ந்த ஆளுக்குப் பால் எரியிறது தெரியேல்லை."

அவர் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, அடுத்த வருடம் இந்த மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் எங்களுக்கே திருப்பித் தருவது பற்றித் தான் நகரசபையோடு பேசலாம் என்றார். இந்த வாரம் எல்லோரும் அமைதியாக இருந்தால் நல்லது என்றார்.

ஒரு பிள்ளையின் தலைக்கு ஒரு மண்டபம்! கோப்பியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். கீழே பிள்ளைகள் பொயிலருக்குப் பக்கத்தில் விட்டுப்போன எழுத்துக் கொப்பிகளைப் பொறுக்கி அடுக்கினேன். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினேன். ஆத்திரத்தில்தான்.

செப்டம்பர் 2, சனி

கிழமை முழுக்க மார்வினோடு சண்டை. இவரோடு பேச்சில்லை. டொக்டரின் நம்பர் இவருடைய போனில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆவணி ஞாயிறு. இவரும் நானும் விரதம். வீட்டில் மச்சம் கிடையாது. ஆனால் வெளியூரில் பெரிய ஆட்டம், பிள்ளை வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பதால் காலையில் மார்வினுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

அவன் மேலே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் வைத்திருந்த பையிலிருந்து ஹெல்மெற்றை எடுத்தேன். சாமியறைக்குள் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் நானும் இருந்துகொண்டேன்.

வந்தான். தேடினான். கண்டான்.

"அன்ரி, என் ஹெல்மெற்."

"உள்ளுக்குத்தான் இருக்கு. வந்து எடு."

கால் வாசற்படிவரை வந்தது. நின்றது. இரண்டு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும். நான் ஒரு கிழவி, என்னைத் தள்ளவும் தேவையில்லை. அவன் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தான், வாசற்படியைப் பார்த்தான்.

"அன்ரி, நான் முட்டை சாப்பிட்டுவிட்டேன்."

"தெரியும்."

"ப்ளீஸ், அன்ரி." அவ்வளவு பெரிய உடம்பு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அங்கே வேறு ஹெல்மெற் இருக்கிறது. நான் அதைப் போட்டு ஆடுவேன்."

"ஆடு. ஆனால் என்ரை கையாலை எடுத்துத் தரமாட்டன்."

அவன் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றான். கண் நிறைந்திருந்தது. எனக்கும்.

அப்போது இவர் வந்தார். பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மார்வினைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். மற்றவர்கள் எங்கள் மைதானத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அவனையும் என்னையும் பார்த்தார்.  இவர் விரதம். குளித்து, திருநீறு பூசியிருந்தார். இந்த வீட்டில் உள்ளே வந்து அதை எடுக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

உள்ளே வந்தார். குனிந்து ஹெல்மெற்றை எடுத்தார்.  இவர் வெளியே திரும்பினால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன், எல்லாமே.

திரும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தார். ஹெல்மெற்றை மடியில் வைத்தார். போனை எடுத்து டொக்டர் ஹன்னாவைக் கூப்பிட்டார். இவருடைய ஜெர்மன் பஸ் தரிப்பிடங்களுக்கு மட்டும் பழகியது; அதிலேயே சொன்னார். ஒஸ்திரியா ஆட்டத்துக்குப் பிறகு பிள்ளை என் பஸ்ஸில் சத்தி எடுத்தான். நான் கண்டேன். நான் கழுவினேன். நான் சொல்லவில்லை. இன்றைக்குவரை அவனுக்கு மணம் தெரியாது. நான் சொல்லாதது பிழை. அவன் ஆடுவதற்கென்று ஏறினால் நான் பஸ் எடுக்கமாட்டேன்.

 டொக்டர், "அவனை ஓட விடாதீர்கள். நான் நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்றா.

மார்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். திரும்பிப் படியேறினான். ஒவ்வொரு படியாக. ஒரு கோப்பை அசையவில்லை.

"வேற சாரதியைக் கூப்பிடச் சொல்லட்டோ?" என்றேன் இவரிடம்.

"வேண்டாம். மற்றப் பெடியள் பாவம். நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். ஹெல்மெற்றை என் மடியில் வைத்துவிட்டு எழும்பினார்.

தோற்றார்கள். படுதோல்வி.

செப்டம்பர் 5, செவ்வாய்

டொக்டர் ஹன்னா வந்து பார்த்து அனுப்பியதால் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்தார்கள். மூளையில் பழைய கன்றல். இரத்தம் கசிந்து காய்ந்த அடையாளம். "இன்னோர் அடி விழுந்திருந்தால்" என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. ஒக்ரோபர் முடியும்வரை விமானம் ஏறக்கூடாது. மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றா.

வரும் வழியில் மார்வின் பஸ்ஸில் முன்சீற்றில் போய்த் தனியாக இருந்தான்.

செப்டம்பர் 9, சனி

ஊரே எங்கள் வீட்டைப் பார்க்கிறது. பேக்கரிக்காரி மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறாள். லோஜினி போன் எடுத்து, "பாவம், அந்தப் பெடியன்ர எதிர்காலத்தைக் கெடுத்துப்போட்டியளே" என்றாள். உன் மகளை இருபக்கமிருந்தும் இருவர் வந்து மோதட்டும், பிறகு எதிர்காலத்தைப் பற்றிக் கதைப்போம் என்றேன். வைத்துவிட்டாள். தமிழ்ப் பள்ளி நிலவறையிலேயே. க்ரூபர் படியில் கண்டும் காணாதவர்போல் போனார். போகட்டும்.

மார்வின் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட இறங்குவதும் இல்லை. பாண் வாங்கி அறையில் வைத்துச் சாப்பிடுகிறான். என் வீட்டில் இருந்துகொண்டு என்னோடு கோபமாம்! நானும் பேசவில்லை. கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வந்தேன். அது பேச்சில் சேராது.

செப்டம்பர் 10, ஞாயிறு

தட்டு வைத்தபடியே இருந்தது. பெரிய சட்டியைத் திரும்பவும் மேல்தட்டில் கவிழ்த்துவைத்தேன்.

செப்டம்பர் 23, சனி

தட்டு வெறுமை. கழுவியும் வைத்திருக்கிறான். இதற்காக நான் கோபத்தை விட்டுவிட்டேன் என்று அவன் நினைக்கக்கூடாது. இவரிடம் அதைக் காட்டினேன். கரடித் தொப்பியைக் குப்பையில் போட்டுவிட்டாராம், இன்றுதான் சொல்கிறார்.

ஒக்ரோபர் 7, சனி

நகரசபையில் ஒரு பெண்ணோடு போனில் சண்டை. பொயிலர் ஓடத் தொடங்கிவிட்டது, பிள்ளைகள் வேர்த்துக் குளித்துக்கொண்டு தமிழ் எழுதுகிறார்கள், இது பள்ளிக்கூடமா, பாண் சுடுகிற வெதுப்பகமா என்று கேட்டேன். உங்கள் முறைப்பாட்டைக் குறித்துக்கொள்கிறோம் என்றாள். குறித்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது அரைமணி நேரம் போயிற்று. குசினிக் கதவு சாத்தியிருந்தது. இவர் வேலையில்.

திடீரென்று அலுமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. மேலிருந்து யானை விழுந்ததுபோல் படியெல்லாம் அதிர்ந்தது. ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. மார்வின் வெறுங்காலோடு என் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அன்ரி, வெங்காயம் கருகுது!"

தமிழில் சொன்னான். நான் போனைக் கீழே வைத்தேன். உண்மைதான். தாளிக்கப் போட்ட வெங்காயத்தை மறந்துவிட்டேன். எனக்குக்கூட அதுவரை மணக்கவில்லை.

ஓடிப் போய் அடுப்பை நிறுத்தினேன். இரண்டு பேரும் கறுத்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் குனிந்து சட்டிக்குமேல் மூக்கை வைத்து மூச்சை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். விடவே இல்லை.

"முழுக்க மணக்குதோ?"

"பாதி" என்றான். "பாதிக்கும் குறைவு. ஆனால் இருக்கு, அன்ரி."

கருகினதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வெட்டித் தாளித்தேன். பாதி மணம் தெரிகிறவனுக்குப் பாதிச் சோறுதான் என்று அரைத் தட்டுப் போட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது, மறக்கக்கூடாது என்று முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டேன். அவன் அதைக் கவனிக்கவேயில்லை. தட்டை வழித்துத் துடைத்துவிட்டு நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம்."

உச்சரிப்புச் சரி. இந்த முறை அது மரியாதைக்குச் சொன்னது இல்லை. பெரிய சட்டியை இறக்கினேன்.